மலை ஊர் துண்டிக்கப்பட்டால் அரிசி எப்படிப் போகும்? பாராசூட், ஹெலிகாப்டர், ட்ரோன், கழுதை: ஓர் ஒப்பீடு

மதுரையில் இருக்கும் எங்கள் நிவாரணக் குழு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். போடிக்கு மேலே, கொடைக்கானல் சரிவில் வெள்ளகவி பக்கம், நத்தத்துக்கு மேலே மலையூர் என்று ரோடு போகாத ஊர்களும், ஒரே ஒரு மலைப்பாதையை நம்பியிருக்கும் ஊர்களும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. மண் சரிந்து அந்தப் பாதை போய்விட்டால் பத்து நாளைக்கு அங்கே சாப்பாடு எப்படிப் போய்ச் சேரும்? கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தை எதில் போடுவது, கலெக்டரிடம் எதைக் கேட்பது? கூட்டத்தில் இதைப் பேசியபோது பாதிப் பேர் சொன்ன பதில் ஒன்றுதான். "மிலிட்டரி பிளேன்ல வந்து பாராசூட்ல போட்டுருவாங்க."

அந்தப் பதிலை நம்பி மற்ற ஏற்பாடுகளைத் தள்ளிப்போடலாமா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. பாராசூட்டைப் பற்றிக் கூடுதலாகவும் மற்றவற்றைப் பற்றிக் குறைவாகவும் எழுதப்போகிறேன். மற்றவை நமக்குத் தெரிந்தவை. பாராசூட்டைப் பற்றி நமக்கு நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது.

அந்த நம்பிக்கை நம் பக்கத்தில் வேர் பிடித்ததற்குக் காரணமும் உண்டு. 1987 ஜூன் 3-ஆம் தேதி, முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்துக்கு ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு படகுகள் போயின. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ்-2000 போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருட்களைப் பாராசூட்டில் இறக்கின. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். அதன் அரசியலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இங்கே வேண்டியது கணக்கு மட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை கிலோ உலர் உணவு என்று வைத்துக்கொண்டால், அந்த 25 டன் 50,000 பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. படகு திரும்பிய மறுநாள் அது வானத்திலிருந்து இறங்கிவிட்டது. வேறு எந்த வழியிலும் இந்த வேகத்தில் இந்த அளவைக் கொண்டுபோக முடியாது. பாராசூட்டுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதில் முதலாவது இதுதான், இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அன்றைக்கு அது எப்படி முடிந்தது? 1987-ல் நம் படைகளுக்கு அது புது வேலை கிடையாது. 1950-களிலிருந்தே வடகிழக்கு எல்லையில், அன்றைய நேஃபாவில் (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்), ரோடே இல்லாத காவல் சாவடிகளுக்கு அரிசியும் பருப்பும் உப்பும் வானத்திலிருந்துதான் போயின. டகோட்டா, பாக்கெட், ஆட்டர், கரிபு என்று விமானங்கள் மாறிக்கொண்டே வந்தன, வேலை நிற்கவில்லை. பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் என்ற தனியார் கம்பெனிகூட டகோட்டாக்களை வைத்துக்கொண்டு அரசுக்காக அங்கே பொதி போட்டது. அப்படி முப்பது வருஷம் தொடர்ந்து செய்த கைகள்தான் பூமாலைக்குப் பொதி கட்டின.

திருமங்கலம் பக்கத்தில் ஒரு சுபேதார் அண்ணன் இருக்கிறார். ராணுவத்தின் சப்ளைப் பிரிவில், அதாவது ஏ.எஸ்.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கேட்டேன். "பிளேன் ஓட்டுறவர் பேரு பேப்பர்ல வரும் தம்பி. பொதி கட்டுறவன் பேரு எங்கயும் வராது. விமானத்துக்குள்ள நின்னு தள்ளுற எஜெக்‌ஷன் க்ரூ பேரும் வராது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, எனக்குப் புரிய வேண்டும் என்று சொன்னார்.

அவர் விளக்கியதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வானத்திலிருந்து சரக்குப் போடுவதில் மூன்று விதம். பாராசூட்டே இல்லாமல் போடுவது முதல் விதம். அரிசியைத் தொளதொளவென்று ஒரு சாக்கில் கட்டி, அதை இன்னொரு சாக்கில் போட்டு, அதையும் மூன்றாவது சாக்கில் போடுவார்கள். தரையில் விழும்போது உள்சாக்கு வெடித்தாலும் வெளிச்சாக்கு தாங்கிக்கொள்ளும். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் தெற்கு சூடானில் ஐஎல்-76 விமானத்திலிருந்து தானியத்தை இப்படித்தான் போடுகிறது. சமையல் எண்ணெய்க்கு மட்டும் பாராசூட். இரண்டாவது, பொதிக்கு ஒரு பாராசூட் கட்டித் தள்ளுவது. ஸ்டாட்டிக் லைன் என்ற பட்டையின் ஒரு முனை விமானத்தில் மாட்டியிருக்கும், பொதி வெளியே போனதும் அது இழுத்துப் பாராசூட்டை விரிக்கும். மூன்றாவது, ஜீப், பீரங்கி போன்றவற்றை மேடையில் ஏற்றிக் கட்டி இறக்குவது. ஆக்ராவில் இருக்கும், டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகம் 7 டன் எடைக்கு பி-7 என்று ஒன்றைச் செய்திருக்கிறது, அதற்கு ஐந்து பெரிய பாராசூட் வேண்டும். நமக்கு இந்த மூன்றாவது விதம் வேண்டியதில்லை.

இரண்டாவது விதத்தில்தான் நுணுக்கமெல்லாம் இருக்கிறது. பொதிக்கு அடியில் தேன்கூடு மாதிரி அறை அறையாகச் செய்த அட்டையை வைப்பார்கள். தரையில் மோதும்போது அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எத்தனை அடுக்கு, எங்கே, பட்டையை எந்த இறுக்கத்தில் கட்டுவது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். மருந்துப் பெட்டிக்கு ஒரு கட்டு, எண்ணெய் டின்னுக்கு வேறு கட்டு. பாராசூட் துணி நைலான். வெயில் பட்டால் நைந்துபோகும், ஈரத்தோடு மடித்தால் கெடும், எலி கடித்த ஓட்டை ஒன்று போதும் மேலே கிழிய. அதனால் உயரமான கூடத்தில் தொங்கவிட்டுக் காயவைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக் கட்டி, பயன்படுத்தாமலே இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்து மறுபடி மடித்து வைக்க வேண்டும். ஆயுள் முடிந்ததைக் கழித்துவிட வேண்டும். கிடங்கில் ஆயிரம் பாராசூட் இருக்கிறது என்ற கணக்குக்கு அர்த்தம் வருவது, அதைப் பிரித்து மடிக்கிற ஆட்கள் வருஷா வருஷம் வேலையில் இருந்தால்தான்.

அப்புறம் குறி. விமானம் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 67 மீட்டர். தள்ளுகிறவர் ஒரு நொடி தாமதித்தால் பொதி 67 மீட்டர் தள்ளி விழும். 200 மீட்டர் உயரத்தில் விரிந்த பாராசூட் நொடிக்கு 7 மீட்டர் இறங்கினால் தரைக்கு வர அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷமும் நொடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் பொதி கிட்டத்தட்ட 300 மீட்டர் நகர்ந்துவிடும். சமவெளியில் 300 மீட்டர் என்பது அடுத்த வயல். போடி மலையில் 300 மீட்டர் என்பது பள்ளத்தாக்கு. விமானம் திரும்பவும் இடம் வேண்டும். அதே வேகத்தில் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் குறுக்களவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கு மாதிரி இடத்தில், மேகம் இறங்கியிருக்கிற நவம்பர் மாதத்தில், எந்த விமானியையும் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது.

மலையில் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே கசப்பான பாடம் இருக்கிறது. 1962 அக்டோபரில், சீனப் போரின் சமயத்தில், வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற நம் படைக்கு, சாங்தார் என்ற மலைமேட்டில் பொதி போட்டார்கள். மேடு சிறியது, சுற்றிலும் சரிவு. பெரும்பகுதி பள்ளத்தில் விழுந்து தொலைந்தது. பாராசூட் தட்டுப்பாடு வேறு. ஏற்கனவே பயன்படுத்தித் தைத்து மறுபடி அனுப்பிய பாராசூட்டுகளில் சில விரியாமலே விழுந்தன. கோடைக்கால உடையோடு பனியில் நின்ற ஜவான்கள் கண்முன்னால் அவர்களுக்கான சாமான்கள் பள்ளத்தில் போய் விழுந்ததை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. விமானம் வந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் அந்த அக்டோபரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும்.

இன்றைய தொழில்நுட்பத்திலும் அது தப்புகிறது. 2016 பிப்ரவரியில் சிரியாவின் டெய்ர் எஸ்ஸோர் நகருக்கு உலக உணவுத் திட்டம் உயரத்திலிருந்து பாராசூட்டில் போட்ட முதல் 21 பொதிகளில் ஒன்றுகூட உருப்படியாகப் போய்ச் சேரவில்லை. சில உடைந்தன, சில யாரும் போக முடியாத இடத்தில் விழுந்தன, மீதி எங்கே என்றே தெரியவில்லை. அவர்கள் விட்டுவிடவில்லை. திருத்தித் திருத்திச் செய்து அடுத்த ஒன்றரை வருஷத்தில் 300 தடவைக்கு மேல் வெற்றிகரமாகப் போட்டார்கள். எனக்கு இந்த உதாரணம் ரொம்ப முக்கியம். முதல் தடவை தோற்ற அதே அமைப்பு, தொடர்ந்து செய்தபோது கைதேர்ந்தது. நம் மலையில் மண் சரிந்தால் நமக்கு அந்த முதல் தடவை மட்டும்தான் கிடைக்கும்.

இன்னொரு ஆபத்து கீழே நிற்கிறவர்களுக்கு. 2024 மார்ச் 8-ஆம் தேதி காசாவில் பாராசூட் சரியாக விரியாத பொதி விழுந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். சாப்பாட்டுக்காக ஓடிவந்தவர்கள். இறங்குமிடத்தில் கூட்டத்தை ஒதுக்க, புகை போட்டுக் குறி காட்ட, விமானியோடு ரேடியோவில் பேச ஆள் இல்லாமல் பொதி போடவே கூடாது.

சரி, இப்போது நிலைமை என்ன? இந்திய விமானப்படைக்கு இந்த வேலை மறந்துபோய்விட்டது என்று நான் சொல்லவில்லை. 2024-ல் 'பீஷ்ம்' என்ற நடமாடும் மருத்துவமனைப் பெட்டியை ஆக்ராவில் பாராசூட்டில் இறக்கிப் பார்த்தார்கள், அப்புறம் 15,000 அடிக்கு மேலே இருக்கிற மலைப்பகுதியிலும் சி-130ஜே விமானத்திலிருந்து இறக்கினார்கள். 2021 டிசம்பரில் ஆக்ராவுக்குப் பக்கத்தில் மல்புரா மைதானத்தில், 500 கிலோ பொதியைத் தானே திசை பார்த்துக்கொண்டு இறங்கும் பாராசூட்டில் சோதித்தார்கள். புதுசாக வருகிற சி-295 விமானத்தில் பின்கதவு இருக்கிறது, பொதி தள்ள வசதியானது.

குறைந்துபோனது அன்றாடப் புழக்கம். எல்லையில் ரோடும் சுரங்கப்பாதையும் வந்துவிட்டன. அருணாச்சலில் மெச்சுகா, வாலோங், டூட்டிங் போன்ற இடங்களில் விமானமே இறங்குகிற தளங்களைச் சீரமைத்துவிட்டார்கள். ஹெலிகாப்டர்கள் பெருகிவிட்டன. இவையெல்லாம் நல்ல விஷயங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே அளவுக்குப் பொதி கட்டுகிற வேலையும் குறைகிறது. 1984-லிருந்து வந்த ஏஎன்-32 விமானங்களுக்கு வயசாகிவிட்டது. அவற்றைப் புதுப்பிக்க உக்ரைனோடு போட்ட ஒப்பந்தம் அங்கே சண்டை வந்த பிறகு இழுபறியானது. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் 2010-ல் மட்டும் சுமார் 27,000 டன் சரக்கை வானத்திலிருந்து போட்டது. 2021-ல் அந்தப் போர் முடிந்ததோடு அந்தப் புழக்கமும் முடிந்தது. பிரிட்டன் இந்த வேலைக்குப் பேர்போன ஹெர்குலிஸ் விமானங்களை 2023 ஜூனில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது.

நம் ஊரிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. இந்தக் கலைக்கு நாட்டில் தலைமை இடம் ஆக்ரா. படையினருக்குப் பாராசூட் பயிற்சிப் பள்ளி அங்கே, ஆய்வகம் அங்கே. பாராசூட் தைக்கிற பழைய அரசு ஆலை கான்பூரில். மதுரையிலிருந்து ஆக்ரா ஆகாய வழியிலேயே சுமார் 1,900 கிலோமீட்டர். மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை 2,285 மீட்டர், ஏஎன்-32-ம் சி-130ஜே-யும் தாராளமாக இறங்கலாம். ஆனால் விமானம் இறங்கினால் மட்டும் என்ன செய்வது? கட்டிய பொதி வேண்டும், கட்டத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஹெலிகாப்டருக்கு வருவோம். சூலூர் விமானப்படைத் தளம் இங்கிருந்து ஆகாய வழியில் சுமார் 160 கிலோமீட்டர். எம்ஐ-17 முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர்கள்தான் வந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டபோதும் ஹெலிகாப்டர்தான் சாப்பாடு போட்டது, முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டும் போனது. ஆளைத் தூக்கிவருவது பாராசூட்டால் ஆகாத காரியம். கர்ப்பிணி ஒருவரைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் விவாதத்துக்கே இடமில்லை.

அளவிலும் நம் மலை ஊருக்கு ஹெலிகாப்டர் போதும். 400 பேர் இருக்கிற ஊருக்கு ஒரு நாளைக்கு 200 கிலோ, பத்து நாளைக்கு 2 டன். எம்ஐ-17 அடியில் வலை கட்டித் தொங்கவிட்டு ஒரே நடையில் அதைக் கொண்டுபோய் வைத்துவிடும். குறி தப்புகிற பேச்சே இல்லை. கதவில் நின்று கையால் பொட்டலம் வீசுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பாதி உடையும், பாதி தண்ணீரில் போகும், மிச்சம் ஓடத் தெம்பிருக்கிறவன் கையில் சிக்கும், கிழவிக்கு ஒன்றும் கிடைக்காது.

ஹெலிகாப்டரின் குறை இரண்டு. மேகம் இறங்கினால் வராது. அதைவிடப் பெரியது, ஒரே நேரத்தில் பத்து இடத்தில் கூப்பாடு வந்தால் எண்ணிக்கை போதாது. 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர். நாங்கள் மதுரையிலிருந்து லாரியில் அரிசியும் பிரெட்டும் ஏற்றிக்கொண்டு போய், ரோட்டில் தண்ணீர் நின்ற இடத்தோடு நின்றோம். எதிரே இருந்த ஊர்களின் பெயர்ப்பலகை தெரிந்தது, போக வழியில்லை. அந்த மாதிரி அகலமான வெள்ளத்தில்தான் பாராசூட் பொதிக்கு உண்மையான இடம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். சமவெளி, திரும்ப வானம் தாராளம், ஆயிரக்கணக்கான வாய். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காடு இருக்கிறதே, மேடானது, மழையை உறிஞ்சிக்கொள்ளும். பொதி இறங்க அதைவிட நல்ல மண் தென்மாவட்டத்தில் எங்கே கிடைக்கும்?

ட்ரோனைப் பற்றி இளைஞர்கள் ரொம்ப ஆர்வமாக இருக்கிறார்கள். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் மீட்பு ஆட்களுக்கு ட்ரோனில் சாப்பாடு போனதும், அதே வருஷம் செப்டம்பரில் விஜயவாடா வெள்ளத்தில் பயன்பட்டதும் உண்மை. ஆனால் மருந்தடிக்கிற விவசாய ட்ரோன் ஒன்று தூக்குவது பத்து கிலோ அளவு. நம் 400 பேர் ஊருக்கு ஒரு நாள் சாப்பாடு என்றாலே இருபது நடை. மழையிலும் மலைக்காற்றிலும் இருபது நடை நடக்காது. இன்சுலின், பாம்புக்கடி மருந்து, குழந்தைக்குப் பால் பவுடர், சார்ஜ் போட்ட வாக்கி-டாக்கி இவற்றுக்கு ட்ரோன் அருமை. அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கழுதையைச் சிலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள். தேர்தலுக்கு வாக்குப்பதிவு எந்திரம் இந்த மலைகளில் சில ஊர்களுக்கு இன்றைக்கும் கழுதை, குதிரை மேல்தான் போகிறது. நாம் பேசுகிற 2 டன் என்பது 50 கிலோ மூட்டையாக 40 நடை. மேகம் இறங்கினாலும் போகும், யாருடைய உத்தரவும் வேண்டாம். பாதை மொத்தமாகப் போனால் நின்றுவிடும், ஆனால் சரிவைச் சுற்றி ஒற்றையடி வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் பொதிக்காரர்கள்தான். அவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்பணம் கொடுத்து நாலைந்து பேரைச் சொல்லிவைப்பது நம் கைக்கு எட்டுகிற காரியம்.

இத்தனையும் எழுதிவிட்டு அந்த 2 டன் கணக்கைத் திரும்பப் பார்க்கும்போது முடிவு தானாக வந்து நிற்கிறது. 2 டன் என்பது 40 மூட்டை. 40 மூட்டையைச் செப்டம்பரில் பாதை நன்றாக இருக்கும்போதே மேலே ஏற்றி வைத்துவிட்டால் நவம்பரில் எதற்கு விமானம்? அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், ஓஆர்எஸ் பொட்டலம், தீப்பெட்டி, தார்ப்பாய். பள்ளிக்கூடத்தின் ஓர் அறையோ சமுதாயக் கூடமோ போதும், தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். வண்டு, எலி, சாவி யாரிடம் என்ற மூன்றும்தான் பிரச்சினை. மூடி போட்ட டிரம்மில் வைத்தால் முதல் இரண்டும் குறையும். சாவியை ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவிடமும் ரேஷன் கடைக்காரரிடமும் இரட்டைப் பூட்டாகக் கொடுக்கலாம். ஜனவரியில் மழை ஓய்ந்ததும் அந்த அரிசி ரேஷன் கடை வழியாக கார்டுக்குப் போய்விட வேண்டும், அடுத்த வருஷம் புதுசு ஏற வேண்டும். மாவட்ட வழங்கல் அலுவலர் ஒப்புக்கொண்டால் இதில் வீணாவது மிகக் குறைவு.

விமானத்தில் போடுவதற்கு ரோட்டில் கொண்டுபோவதைப் போல ஏழு மடங்கு வரை செலவாகும் என்று உலக உணவுத் திட்டமே சொல்லியிருக்கிறது. நன்கொடை கொடுத்தவர்களுக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் குழுவின் பணம் மேலே இருப்பு வைப்பதற்கும் பொதிக்காரர்களுக்கும் போக வேண்டும் என்பது என் ஓட்டு. அவசரத்துக்கு ஹெலிகாப்டர், மருந்துக்கு ட்ரோன். மலை ஊருக்குப் பாராசூட் என்ற பேச்சை அடியோடு விட்டுவிடலாம்.

சமவெளி வெள்ளத்துக்கு அப்படி விட்டுவிட எனக்கு மனசில்லை. 2023 மாதிரி இன்னொரு மழை வரும். அன்றைக்குத் தெற்கே இரண்டு மாவட்டத்துக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போட வேண்டியிருக்கும். அதற்குச் சூலூரில் ஒரு சின்னக் குழுவாவது பொதி கட்டுகிற பழக்கத்தோடு இருக்க வேண்டும், மழைக்கு முன் வருஷம் ஒரு தடவை தேரிக்காட்டில் நிஜமாகவே போட்டுப் பார்க்க வேண்டும் என்று அரசிடம் கேட்கலாம். பெரிய செலவுக்கான யோசனையாக இதை நான் வைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் பட்டும் நைலானும் கிடைக்காதபோது, ஜெனரல் ஸ்லிமின் 14-ஆவது ராணுவத்துக்குக் கல்கத்தா சணல் ஆலைகளில் சணலிலேயே பாராசூட் செய்து கொடுத்தார்கள். 1944-ல் இம்பாலும் கோஹிமாவும் முற்றுகையில் தாக்குப்பிடித்தது வானத்திலிருந்து வந்த சப்ளையால்தான். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர்கள் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற மலிவுப் பாராசூட்டைப் பாலிப்ரொப்பிலீனில் நெய்தார்கள். நாம் அரிசி மூட்டைக்குப் பயன்படுத்துகிற அதே சாக்குத் துணி வகைதான். அதை நெய்கிற ஆலைகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே கிடையாது. ஆக்ரா ஆய்வகம் வடிவம் கொடுத்தால் இங்கேயே செய்யலாம். ஜிபிஎஸ் பார்த்து இறங்குகிற விலை உயர்ந்த பாராசூட்டை எல்லைக்கு வைத்துக்கொள்ளட்டும், வெள்ளத்துக்கு இது போதும்.

அதற்கும் முன்னால் நாமே தொடங்கக்கூடிய ஒன்று தரை வேலை. இறங்குமிடம் தேர்ந்தெடுப்பது, குறி போடுவது, காற்றின் திசை காட்டுவது, கூட்டத்தை ஒதுக்குவது, தகரக் கூரையும் தார்ப்பாயும் பறக்காமல் கட்டிவைப்பது, வந்த பொருளை வரிசையில் பிரித்துக் கொடுப்பது. இது ஹெலிகாப்டருக்கும் தேவை, பாராசூட்டுக்கும் தேவை. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஏ.எஸ்.சி.யிலோ பாராசூட் பிரிவிலோ வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலம் கேட்கப்போகிறோம். சுபேதார் அண்ணன் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். "எனக்கு ஞாபகம் இருக்குறப்பவே வந்து கத்துக்கங்க" என்றார். இதைப் படிக்கிறவர்களில் அந்த வேலை பார்த்தவர்கள் இருந்தாலோ, உங்கள் வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ பார்த்திருந்தாலோ, செப்டம்பர் முதல் வாரத்துக்குள் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். முதல் வகுப்பு மலையூர் அடிவாரத்தில், மூட்டை ஏற்றுகிற அன்றைக்கே வைத்துக்கொள்கிறோம்.